மூக்கு ஒன்றுதான் கருவி

எஞ்சின் நடுங்கினால் காட்டுவதற்குக் கருவி உண்டு. கதவு சரியாகச் சாத்தாவிட்டால் எரிவதற்கு விளக்கு உண்டு. விமானி இழுக்கும் மூச்சில் எஞ்சின் ஆயில் கலந்தால்?

2010 டிசம்பர் 19, இரவு. வியன்னாவிலிருந்து 144 பயணிகளோடும் 5 பணியாளர்களோடும் வந்த ஜெர்மன்விங்ஸ் ஏ319 விமானம், ஜெர்மனியின் கொலோன்-பான் விமான நிலையத்தில் இறங்கத் தயாராகிக்கொண்டிருந்தது. இன்னும் சில நிமிடங்கள்தான். அப்போது காக்பிட்டில் கருகல் வாடை அடித்தது. வயர் தீய்ந்தது போன்ற நாற்றம்.

துணை விமானிக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. ஆக்சிஜன் மாஸ்க்கை இழுத்து மாட்டிக்கொண்டார். கேப்டனும் மாட்டிக்கொண்டார். அதற்குள் கேப்டனின் கையும் காலும் மரத்துப்போக ஆரம்பித்துவிட்டன. தலை சுற்றியது. குழாய் வழியாகப் பார்ப்பதுபோலப் பார்வை குறுகியது. அந்தக் குறுகிய வட்டத்துக்குள் ஓடுபாதையைப் பிடித்துத்தான் அவர் விமானத்தை இறக்கினார்.

பயணிகள் வழக்கம்போலப் பெட்டிகளை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனார்கள். விமானிகள் இருவரும் மருத்துவமனைக்குப் போனார்கள். துணை விமானியால் பல மாதங்கள் வேலைக்குத் திரும்ப முடியவில்லை. இப்படி ஒன்று நடந்தது என்று வெளியுலகுக்குத் தெரியவே ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் ஆயின. விசாரித்த ஜெர்மனியின் விமான விபத்துப் புலனாய்வு அமைப்பு, நாற்றம் அடித்தது உண்மை, விமானிகள் பாதிக்கப்பட்டதும் உண்மை, நாற்றம் எங்கிருந்து வந்தது என்பதைத் தீர்மானிக்க முடியவில்லை என்று அறிக்கையை முடித்தது.

ஏன் முடியவில்லை? அந்த நிமிடத்தில் காக்பிட் காற்றில் என்ன இருந்தது என்று எந்தக் கருவியும் பதிவுசெய்யவில்லை. கறுப்புப் பெட்டிக்கு எஞ்சினின் சூடு தெரியும், இறக்கையின் கோணம் தெரியும், விமானி பேசியது தெரியும். அவர் எதைச் சுவாசித்தார் என்பது மட்டும் தெரியாது. அதை அறிந்த ஒரே கருவி இரண்டு பேரின் மூக்கு. மூக்கு பதிவேடு வைத்துக்கொள்வதில்லை.

எஞ்சின் தரும் மூச்சு

35,000 அடி உயரத்தில் வெளியே குளிர் மைனஸ் 50 டிகிரிக்கும் கீழே போகும். காற்றழுத்தம் தரையில் இருப்பதில் கால் பங்குதான். அந்தக் காற்றை அப்படியே சுவாசித்தால் ஒரு நிமிடத்துக்குள் நினைவு தப்பும். அதனால் விமானத்துக்குள் காற்றை அழுத்தி அடைத்து, 6,000 முதல் 8,000 அடி உயர மலை ஊரில் இருக்கும் அளவுக்கு அழுத்தத்தைக் காப்பாற்றி வைக்கிறார்கள். ஏறக்குறைய ஊட்டி உயரம்.

இந்த ஏற்பாடு பிசகினால் என்ன ஆகும் என்பதை நாம் பார்த்திருக்கிறோம். 2018 செப்டம்பர் 20 அன்று மும்பையிலிருந்து ஜெய்ப்பூர் கிளம்பிய ஜெட் ஏர்வேஸ் விமானத்தில், காற்றை உள்ளே விடும் சுவிட்சைப் போட விமானிகள் மறந்தார்கள். மேலே ஏற ஏற முப்பது பேர் அளவில் மூக்கிலும் காதிலும் ரத்தம் வந்தது. விமானம் மும்பைக்கே திரும்பியது. 2005 ஆகஸ்ட் 14 அன்று சைப்ரஸிலிருந்து கிளம்பிய ஹீலியோஸ் விமானத்துக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. அழுத்தத்தைப் பார்த்துக்கொள்ளும் சுவிட்ச் தவறான நிலையில் இருந்தது. விமானிகள் மயங்கிவிட, தானியங்கி முறையில் வட்டமடித்துக்கொண்டே இருந்த விமானம் எரிபொருள் தீர்ந்து கிரீஸில் விழுந்தது. 121 பேரும் இறந்தார்கள்.

ஆக, விமானத்துக்குக் காற்றை அடைக்க ஒரு பம்ப் வேண்டும். அந்த பம்ப் ஏற்கெனவே இறக்கையில் தொங்கிக்கொண்டிருக்கிறது. ஜெட் எஞ்சினின் முன்பாதி முழுக்கக் காற்றை அழுத்தும் கம்ப்ரஸர்தான். அங்கே அழுத்தி முடித்த காற்றில் கொஞ்சத்தை, எரிபொருள் கலப்பதற்கு முன்பே ஒரு குழாய் வழியாகத் திருப்பிக்கொள்கிறார்கள். இதற்குப் பெயர் ‘ப்ளீட் ஏர்’. எஞ்சினைக் கீறி எடுக்கும் காற்று என்று வைத்துக்கொள்ளலாம். 200 டிகிரிக்கு மேல் கொதிக்கும் இந்தக் காற்றை, விமானத்தின் வயிற்றில் இருக்கும் ‘பேக்’ என்கிற குளிரூட்டும் இயந்திரங்கள் ஆற்றி உள்ளே அனுப்புகின்றன. தலைக்கு மேல் நீங்கள் திருகும் அந்தச் சின்ன ஏசி மூடியிலிருந்து வருவதில் ஏறக்குறைய பாதி இப்படி வந்த காற்று. மறுபாதி, கேபினிலேயே சுழன்ற பழைய காற்று.

பழைய காற்றுக்கு ஹெப்பா வடிகட்டி உண்டு. கொரோனா காலத்தில் விமான நிறுவனங்கள் விளம்பரம் செய்தது இதைத்தான். கிருமியையும் தூசியையும் அது பிடித்துவிடும். ஆனால் எஞ்சினிலிருந்து புதிதாக வரும் காற்று, பெரும்பாலான விமானங்களில் எந்த வடிகட்டியையும் தாண்டி வருவதில்லை. ஆவியையும் வாயுவையும் பிடிக்கும் சக்தி ஹெப்பாவுக்கும் கிடையாது.

கசிவதற்கென்றே ஒரு சீல்

எஞ்சினின் நடுத்தண்டு நிமிடத்துக்குப் பல ஆயிரம் சுற்று சுற்றுகிறது. அதைத் தாங்கும் பேரிங்குகளுக்கு ஆயில் வேண்டும். அந்த அறையிலிருந்து ஆயில் வெளியே வராமல் தடுப்பது சீல். குக்கர் காஸ்கெட் மாதிரி இறுக்கி அடைக்கிற சீல் அங்கே உதவாது, அந்த வேகத்தில் உரசித் தேய்ந்தே போகும். எனவே மயிரிழை இடைவெளி விட்டு, அந்த இடைவெளி வழியாகக் கம்ப்ரஸர் காற்றையே உள்நோக்கி ஊதவைக்கிறார்கள். ஆயிலை உள்ளே பிடித்துவைப்பது காற்றின் அழுத்தம்தான்.

அழுத்தம் சீராக இருக்கும்வரை பிரச்சினை இல்லை. எஞ்சினைக் கிளப்பும்போது, முழு விசை கொடுக்கும்போது, உயரத்திலிருந்து இறங்க ஆரம்பித்து விசையைக் குறைக்கும்போது, அந்தச் சமநிலை ஒரு கணம் தடுமாறும். அப்போது துளி ஆயில் வெளியே எட்டிப் பார்க்கும். நல்ல நிலையில் உள்ள எஞ்சினிலும் இது நடக்கும். அமைப்பே அப்படி. சீல் தேய்ந்திருந்தால் துளி என்பது கரண்டியாகும்.

எஞ்சினைச் சேராத வழிகளும் உண்டு. வாலில் இருக்கும் ஏ.பி.யூ. என்ற குட்டி எஞ்சினில் அளவுக்கு மேல் ஆயில் ஊற்றியிருக்கலாம். ஹைட்ராலிக் திரவம் ஒழுகி அதன் வாய்க்குள் போயிருக்கலாம். பனி நாடுகளில் இறக்கையில் பீய்ச்சும் பனிநீக்கித் திரவம் உறிஞ்சப்பட்டிருக்கலாம். வாடையை வைத்து அனுபவசாலிகள் ஓரளவு பிரித்துச் சொல்வார்கள். எஞ்சின் ஆயில் என்றால் அழுக்கு சாக்ஸ், இல்லாவிட்டால் நனைந்த நாய். உலகெங்கும் விமானிகள் புகார்ப் புத்தகத்தில் எழுதும் சொற்கள் இவைதான். பல கோடி டாலர் விமானத்தின் கோளாறை விவரிக்க, துவைக்காத சாக்ஸைத் தவிர வேறு அளவுகோல் அவர்களிடம் இல்லை.

மெக்னெஸ் நகரத்து எண்ணெய்

ஜெட் எஞ்சின் ஆயில் சாதாரண ஆயில் இல்லை. கடும் சூட்டிலும் தேய்மானத்தைத் தடுக்க, டிரைகிரெசில் பாஸ்பேட் என்ற வேதிப்பொருளை அதில் ஏறக்குறைய 3 சதவீதம் வரை சேர்க்கிறார்கள். பயிருக்கு அடிக்கும் பூச்சிமருந்துகளில் பல சேர்ந்த ஆர்கனோபாஸ்பேட் குடும்பத்தின் உறவுக்காரர் இது. இதன் ஒரு வடிவமான ‘ஆர்த்தோ’ நரம்பைத் தாக்கும்.

எப்படித் தாக்கும் என்பதை 1959-ல் மொராக்கோ நாட்டின் மெக்னெஸ் நகரம் பார்த்தது. அமெரிக்க விமானப்படைத் தளத்திலிருந்து கழித்து விற்கப்பட்ட ஜெட் எஞ்சின் ஆயிலை வாங்கிய வியாபாரிகள், அதைச் சமையல் எண்ணெயில் கலந்து மலிவு விலைக்கு விற்றார்கள். வாங்கியவர்கள் ஏழைகள். முதலில் கெண்டைக்கால் வலித்தது. பிறகு பாதம் தொங்கியது, கை விரல்கள் மடங்க மறுத்தன. சுமார் 10,000 பேர் முடங்கினார்கள். அதற்கு முன்பே, 1930-ல் அமெரிக்காவில் மதுவிலக்குக் காலத்தில் இஞ்சிச் சாறு என்ற பெயரில் விற்ற சரக்கில் இதே பொருள் கலந்து பல்லாயிரம் பேரின் கால்கள் விளங்காமல் போயின.

இந்தக் கதையைக் காட்டிப் பயணிகளைப் பயமுறுத்துவது நியாயம் ஆகாது. மெக்னெஸ்காரர்கள் ஆயிலைச் சாப்பிட்டார்கள். விமானத்தில் மூச்சில் போவது அதில் துளியில் துளி. இன்றைய ஆயிலில் ஆர்த்தோ வடிவத்தை மிக மிகக் குறைத்துவிட்டதாகத் தயாரிப்பாளர்கள் சொல்கிறார்கள், அதுவும் உண்மை. எதிர்த்தரப்பு கேட்கும் கேள்வி வேறு. குடித்தால் என்ன ஆகும் என்பது தெரியும். 200 டிகிரிக்கு மேல் சுட்டு, உடைந்து, வேறு நூறு பொருள்களோடு புகையாகி, வாரத்துக்கு ஐந்து நாள், இருபது வருடம் மூச்சில் போனால்? பயணிக்கு இது வருடத்தில் நாலு தடவை. விமானிக்கும் பணிப்பெண்ணுக்கும் இதுதான் அலுவலகம்.

ஆஸ்திரேலியாவில் எழுந்த குரல்

எஞ்சின் ஆயில் புகை மனிதரை வீழ்த்தும் என்பதை ராணுவம் முன்பே கண்டிருக்கிறது. சி-130 ராணுவ விமானத்தின் நேவிகேட்டர் ஒருவர் ஆயில் புகையைச் சுவாசித்து நரம்பு பாதித்த கதை 1977-லேயே மருத்துவ ஏட்டில் பதிவானது. பயணிகள் விமானங்களில் இந்தப் பிரச்சினையின் முகமாக ஆனது பிஏஇ 146 என்ற பிரிட்டிஷ் தயாரிப்பு. நான்கு சின்ன எஞ்சின்கள், சத்தம் குறைவு, நகரத்து நடுவில் உள்ள சிறு ஓடுபாதையிலும் இறங்கும். ஆனால் வாடை அடிக்கிறது என்ற புகார் ஆஸ்திரேலியாவில் 1990-களில் ஓயவே இல்லை.

1992 மார்ச் 4 அன்று ஈஸ்ட்-வெஸ்ட் நிறுவனத்தின் 146 விமானத்தில் பணியிலிருந்தார் பணிப்பெண் ஜோஆன் டர்னர். சிட்னியிலிருந்து பிரிஸ்பேன் போன அந்த விமானம் இறங்கும் நேரத்தில் கேபினில் புகை சூழ்ந்தது. அன்று பிடித்த இருமல் அவரை விடவில்லை. வழக்குப் போட்டார். சம்பவம் நடந்து 17 ஆண்டுகள் கழித்துத்தான் தீர்ப்பு வந்தது. சுட்ட எஞ்சின் ஆயில் புகைதான் நுரையீரலைக் கெடுத்தது என்று ஏற்று, சுமார் 1,39,000 ஆஸ்திரேலிய டாலர் இழப்பீடு தரச் சொன்னது தீர்ப்பாயம். நிறுவனம் மேல்முறையீட்டுக்குப் போனது. 2010-ல் நாட்டின் உச்ச நீதிமன்றம் அதை எடுத்துக்கொள்ள மறுத்துவிட்டது.

இதற்கிடையே 1999 நவம்பர் 12 அன்று ஸ்வீடனில் ஸ்டாக்ஹோமிலிருந்து மால்மோ போன 146 விமானத்தில் இரண்டு விமானிகளுமே ஒரே நேரத்தில் துவண்டார்கள். மாஸ்க் மாட்டவே சிரமப்படும் நிலைக்குக் கேப்டன் போய்விட்டார். துணை விமானி ஆக்சிஜனை இழுத்துத் தெளிந்து விமானத்தை இறக்கினார். அடுத்த ஆண்டு ஆஸ்திரேலிய செனட் இந்த விமானத்தின் காற்றைப் பற்றியே தனி விசாரணை நடத்தி அறிக்கை கொடுத்தது. அதே காலத்தில்தான் வின்டர், பலூவே என்ற ஆய்வாளர்கள் இந்த நோய்க்குறிகளின் தொகுப்புக்கு ‘ஏரோடாக்ஸிக் சிண்ட்ரோம்’ என்று பெயர் சூட்டினார்கள்: தலைவலி, மறதி, சொல் தடுமாற்றம், கை நடுக்கம், தீராத சோர்வு.

146 விமானத்தை ஓட்டி, உடல்நிலை கெட்டு, 1997-ல் பறக்கும் தகுதியை இழந்தவர் சூசன் மைக்கேலிஸ். அவர் ஓய்ந்து உட்காரவில்லை. இதே பிரச்சினையில் முனைவர் பட்டம் வாங்கி, 2017-ல் உலக சுகாதார நிறுவனத்தின் ஐரோப்பியப் பிரிவு நடத்திய ஆய்விதழில், இதைத் தொழில்சார் நோயாக ஏற்கவேண்டும் என்று சக ஆய்வாளர்களோடு எழுதினார். மருத்துவ உலகம் அந்தப் பெயரை இன்றுவரை முழுமனதோடு ஏற்கவில்லை.

மே மாதத்தில் அடையாறு

ஏற்காததற்குக் காரணம் இருக்கிறது. தலைவலியும் சோர்வும் மறதியும் எத்தனையோ காரணங்களால் வரும். இரவு பகல் மாறி உழைப்பவருக்கு அவை கூடுதலாகவே வரும். ஒரு வாடை அடித்ததும் பதற்றத்தில் வேகமாக மூச்சு வாங்கினால்கூடக் கை கால் மரக்கும். ‘இதனால்தான் இது’ என்று சொல்ல ஆதாரம் வேண்டும்.

ஆதாரம் தேடித்தான் பிரிட்டனின் கிரான்ஃபீல்ட் பல்கலைக்கழகம் 100 விமானப் பயணங்களில் கருவி வைத்து அளந்து 2011-ல் முடிவை வெளியிட்டது. ஐரோப்பிய விமானப் பாதுகாப்பு முகமைக்காக ஜெர்மனி ஆய்வாளர்கள் 69 பயணங்களில் அளந்தார்கள். 2017-ல் முடிவு வந்தது. இரண்டும் சொன்னது ஒன்றுதான்: கேபின் காற்று சாதாரண வீட்டுக் காற்று, அலுவலகக் காற்று அளவில்தான் இருக்கிறது. சில சமயம் அதைவிடச் சுத்தம்.

பயணிகளுக்கு இது நிம்மதியான செய்தி. ஆனால் கிரான்ஃபீல்ட் அளந்த நூறு பயணங்களில், முறைப்படி புகார் எழுதும் அளவுக்கு வாடை வந்த சம்பவம் ஒன்றுகூட நடக்கவில்லை. மே மாதத்தில் அடையாற்றங்கரைக்குப் போய்த் தண்ணீர் எவ்வளவு ஓடுகிறது என்று அளந்தால் கிடைக்கும் கணக்கு சரியான கணக்குதான். சைதாப்பேட்டைக்காரர் கேட்பது டிசம்பர் வெள்ளத்தின் கணக்கை.

அபூர்வம் என்றால் எவ்வளவு அபூர்வம்? அதற்கும் இரண்டு பதில்கள். பிரிட்டனின் நச்சியல் குழு 2007-ல் பார்த்தபோது, நூற்றில் ஒரு பயணத்தில் வாடை வருவதாக விமானிகள் சொன்னார்கள். இறங்கிய பிறகு பொறியாளர்கள் பார்த்து ‘ஆமாம், கோளாறு இருக்கிறது’ என்று உறுதி செய்தது இரண்டாயிரத்தில் ஒன்று. இடையே இருபது மடங்கு வித்தியாசம். விமானிகள் பத்தொன்பது முறை கற்பனை செய்தார்களா? இல்லை, விமானம் நின்று எஞ்சின் ஆறியதும் வாடை போய்விட்டதா? இரண்டில் எது என்று சொல்ல அளவீடு எதுவும் இல்லை. முப்பது வருடச் சண்டையும் அந்த இடைவெளிக்குள்தான் நடக்கிறது.

ரத்தத்தில் தேடியவர்களும் உண்டு. 2011-ல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில் விமானப் பயணம் முடித்த 12 பயணிகளின் ரத்தத்தைப் பார்த்தார்கள். ஆறு பேரிடம் அந்த ஆர்த்தோ பொருள் பட்ட தடயம் இருந்தது. யாருக்கும் நோய்க்குறி இல்லை, அளவும் மிகக் குறைவு. ஆனாலும் தடயம் தடயம்தான். எஞ்சினுக்குள் இருக்கவேண்டிய ஒன்று மனித ரத்தம் வரை வந்து போகிறது.

ஒரு பறவை மோதினால்

மெல்ல மெல்லப் பாதிக்கும் விஷமா என்ற வாதம் ஒருபுறம் நடக்கட்டும். உடனடி ஆபத்தில் யாருக்கும் கருத்து வேற்றுமை இல்லை.

2023 டிசம்பர் 20 அன்று அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸிலிருந்து கிளம்பிய சவுத்வெஸ்ட் நிறுவனத்தின் போயிங் 737 மேக்ஸ் தரையை விட்டு எழும்பிய கொஞ்ச நேரத்தில், அதன் இடது எஞ்சினில் பறவை மோதியது. சில நொடிகளில் காக்பிட் முழுக்க நெடியடிக்கும் வெண்புகை. எதிரே இருக்கும் கருவிப்பலகையே கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு. விமானிகள் மாஸ்க்கும் புகைக்கண்ணாடியும் மாட்டிக்கொண்டு, தட்டுத்தடுமாறித் திரும்பிவந்து இறக்கினார்கள். அதே ஆண்டு மார்ச்சில் கியூபாவின் ஹவானாவிலிருந்து கிளம்பிய இன்னொரு மேக்ஸில் வலது எஞ்சினில் பறவை மோதியபோது, புகை பயணிகள் பகுதியை நிறைத்தது.

இடது எஞ்சின் என்றால் காக்பிட், வலது என்றால் கேபின். 737-ல் காற்றுக் குழாய்களின் பங்கீடு அப்படி. விசாரணையில் தெரிந்தது இன்னும் விசித்திரம். பறவை மோதி விசிறி கடுமையாக ஆடினால் எஞ்சினையும் இறக்கையையும் காப்பாற்றுவதற்கென்றே ஒரு பாதுகாப்பு ஏற்பாடு அந்த எஞ்சினில் உண்டு. அது சொன்னபடி வேலை செய்தது. வேலை செய்யும்போது ஆயில் வெளியேறிச் சூடான பகுதிக்குள் போய், புகையாகி, விமானி அறைக்குள் வந்தது. எஞ்சினைக் காக்க வைத்த ஏற்பாடு அதை ஓட்டுபவரின் கண்ணைக் கட்டிவிட்டது. அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 2025 ஜூனில் அவசரப் பரிந்துரை வெளியிட்டு இதைச் சரிசெய்யச் சொன்னது.

நமக்கும் இது தூரத்துச் செய்தி இல்லை. 2022 அக்டோபர் 12 அன்று கோவாவிலிருந்து ஹைதராபாத் வந்த ஸ்பைஸ்ஜெட் க்யூ400 விமானத்தில் காக்பிட்டிலும் கேபினிலும் புகை நிறைந்தது. பயணிகள் எடுத்த வீடியோ வாட்ஸப்பில் சுற்றியது பலருக்கு நினைவிருக்கும். எஞ்சின் ஆயில் ஒரு வால்வு வழியாக ஏசிக்குள் போயிருந்தது. அந்த நிறுவனத்தின் எல்லா க்யூ400 எஞ்சின்களின் ஆயிலையும் 15 நாளுக்கு ஒரு தடவை மாதிரி எடுத்துத் தயாரிப்பாளரின் சோதனைக்கு அனுப்பும்படி விமானப் போக்குவரத்து இயக்குநரகம் உத்தரவிட்டது. சரியான உத்தரவுதான். அதுவும் ஆயிலைத்தான் சோதிக்கச் சொன்னது. காற்றை அளக்கச் சொல்லவில்லை.

பழைய வழி, புதிய விமானம்

தீர்வு கண்டுபிடிக்கப்படாத ஒன்று அல்ல. முதல் தலைமுறை ஜெட் விமானங்களான போயிங் 707-லும் டிசி-8-லும் கேபின் காற்றை அடைப்பதற்கென்றே தனி கம்ப்ரஸர்கள் இருந்தன. எடை கூடுதல், பராமரிப்புச் செலவு கூடுதல். எஞ்சினிடமே காற்றை வாங்கிக்கொள்வது சிக்கனம் என்று பின்னால் வந்தவர்கள் மாறினார்கள். 2011 அக்டோபரில் சேவைக்கு வந்த போயிங் 787 பழைய வழிக்கே திரும்பியது. மின்சாரத்தில் ஓடும் கம்ப்ரஸர்கள் வெளிக்காற்றைத் தனி வாய் வழியாக இழுக்கின்றன. எஞ்சின் ஆயிலுக்கும் கேபின் காற்றுக்கும் சங்காத்தமே இல்லை. எரிபொருள் மிச்சத்துக்காகச் செய்ததாகத்தான் போயிங் சொல்கிறது. அதற்குப் பிறகு வந்த 737 மேக்ஸில் அதே போயிங் ப்ளீட் ஏருக்கே போய்விட்டது. பழைய உடம்புக்குப் புது எஞ்சின் மாட்டும்போது குழாயை மாற்ற யாருக்கும் மனம் வராது.

இப்போது பறக்கும் ஆயிரக்கணக்கான விமானங்களை 787 ஆக்க முடியாது. ஆனால் இரண்டு சின்ன வேலைகள் முடியும். ஒன்று, வரும் காற்றில் ஆவியைப் பிடிக்கும் வடிகட்டி. ஈஸிஜெட் நிறுவனம் இதைச் சோதித்துப் பார்ப்பதாக 2017-ல் அறிவித்தது. இரண்டு, காற்று கெட்டால் கத்தும் சென்சார். புகை எங்கிருந்து வருகிறது என்று விமானிக்குச் சொல்ல ஏற்பாடு வேண்டும் என்று பிரிட்டனின் விபத்துப் புலனாய்வாளர்கள் 2007-லேயே பரிந்துரைத்தார்கள்.

இந்த நெருக்கடி குறைவதாகத் தெரியவில்லை. அமெரிக்க அரசிடம் விமான நிறுவனங்கள் கொடுத்த அறிக்கைகளை அலசிய வால் ஸ்ட்ரீட் ஜர்னல் பத்திரிகை, 2014-ல் பத்து லட்சம் புறப்பாடுகளுக்குச் சுமார் 12 ஆக இருந்த வாடைச் சம்பவங்கள் 2024-ல் சுமார் 108 ஆனதாக 2025 செப்டம்பரில் எழுதியது. முன்பு சொல்லாதவர்கள் இப்போது சொல்வதும் இதில் ஒரு பங்கு இருக்கலாம். உண்மையிலேயே பெருகியது எவ்வளவு, சொல்வது பெருகியது எவ்வளவு? இதையும் பிரித்துக் காட்டியிருக்கக்கூடிய கருவி விமானத்தில் இல்லை.

ஐந்து விநாடி மாஸ்க்

விமானியின் இருக்கைக்குப் பக்கவாட்டில் ஒரு சின்னப் பெட்டி இருக்கும். அதிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் சிவப்புப் பிடிகளை விரல்களால் அழுத்தி இழுத்தால், மாஸ்க்கின் வார்களில் காற்றடைத்து அவை விறைத்து விரியும். தலைக்கு மேல் கொண்டுபோய்ப் பிடியை விட்டால், வார்கள் சுருங்கி மண்டையைக் கவ்விக்கொள்ளும். ஒரே கையால், ஐந்து விநாடிக்குள் மாட்ட முடியவேண்டும் என்பது விதி. உள்ளே நூறு சதவீத ஆக்சிஜன். வெளியே எந்த விஷம் இருந்தாலும் கவலை இல்லை.

பணிப்பெண்களுக்கு இது கிடையாது. தலையில் கவிழ்த்துக்கொள்ளும் புகைக்கவசம் சில இருக்கும், கால்மணி நேரம் போல் தாங்கும். பயணிகளுக்கு மேலிருந்து விழும் மஞ்சள் மாஸ்க் இதற்கு உதவாது. அது ஆக்சிஜனோடு கேபின் காற்றையும் கலந்துதான் தரும். வாடை அடித்தால் பயணி செய்யக்கூடியது பணியாளரிடம் சொல்வது, நேரத்தைக் குறித்துக்கொள்வது, இறங்கியபின் உடம்பு சரியில்லை என்றால் மருத்துவரிடம் நடந்ததைச் சொல்வது.

விமானியின் மாஸ்க்கில் ஒரு வேடிக்கை இருக்கிறது. அதை மாட்டியதும் வாடை தெரியாது. இருந்த ஒரே கருவியும் மூடப்பட்டுவிடுகிறது. காக்பிட் காற்று தெளிந்துவிட்டதா என்று அறிய, மாஸ்க்கை லேசாகத் தூக்கி மோந்து பார்க்கவேண்டும். மோந்து பார்ப்பதிலும் நம்பிக்கை வைக்க முடியாது. மீன் கடைக்காரருக்கு மீன் நாற்றம் தெரியாததுபோல மூக்கு சில நிமிடங்களில் பழகிப்போகும். ஆயில் கருகும்போது உண்டாகக்கூடிய கார்பன் மோனாக்சைடுக்கோ வாடையே கிடையாது.

இறங்கிய பிறகு நடப்பதும் இப்படித்தான். விமானி புகார்ப் புத்தகத்தில் எழுதிவிட்டுப் போவார். பொறியாளர் வருவார். எஞ்சினைத் தரையிலேயே ஓட்டி, ஒரு பேக்கைப் போட்டு மற்றதை நிறுத்தி, மாற்றிப் போட்டு, காற்று வரும் வாய்க்கு அருகே குனிந்து அவரும் மோந்து பார்ப்பார். குழாயில் ஆயில் ஈரம் இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்ப்பார். ஒன்றும் தென்படாவிட்டால், ‘சோதித்தது, கோளாறு காணப்படவில்லை’ என்று எழுதிக் கையெழுத்துப் போடுவார். அவர் எழுதியதும் பொய் இல்லை. விடியற்காலை வேறு இரண்டு பேர் வந்து அதே இருக்கைகளில் உட்காருவார்கள்.

மாஸ்க்கை எவ்வளவு நேரத்தில் மாட்டவேண்டும் என்று விதி விநாடிக் கணக்கில் எழுதிவைத்திருக்கிறது. எப்போது மாட்டவேண்டும் என்பதை மட்டும் மூக்கிடம் விட்டுவிட்டது.